கப்பல் வரும்வரை கவுச்சி இல்லை

செமோர்,
18.2.2024

அன்புள்ள மருமகன் பவித்ரனுக்கு,

உன் தாய்மாமன் ஐயாவு எழுதிக்கொள்வது. நானும் மகள் கலாதேவியும் பேரப்பிள்ளைகளும் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. இரண்டரை வருஷமாக அந்த முறையைக்கூட நான் செய்யவில்லை. உனக்குத் தீர்ப்புச் சொன்ன அன்று கோர்ட் வாசலில் நின்று, இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று கத்திவிட்டு பஸ் ஏறியவன் நான். உன் கையால் அடிபட்டுச் செத்துப்போன பையனின் அம்மா அந்த வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்த பிறகு உன்னைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், உனக்கு எழுத வேறு ஆள் இல்லை.

தமிழில் எழுதினால் ஜெயிலில் அதைப் படித்துப் பார்த்துக் கொடுக்கத் தமிழ் தெரிந்த ஆபீசர் வேண்டும், அதனால் தாமதமாகும் என்கிறார்கள். முப்பத்தெட்டு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியதில் எனக்கு மலாய் பேச வரும், திட்ட இன்னும் நன்றாக வரும், எழுதத்தான் வராது. இதைப் படிக்கிற ஆபீசருக்கு என் வணக்கம். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை ஐயா, சீக்கிரம் கொடுத்துவிடுங்கள்.

உன் அம்மா விஷயமாகத்தான் எழுதுகிறேன். போன தீபாவளிக்கு முன்னால் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து அனுப்பினார்கள். எஸ்டேட் வீட்டில் தனியாக விட முடியாது. என் வீடோ நாலாவது மாடி, லிஃப்ட் பாதி நாள் கெட்டுக் கிடக்கும். கலாவுக்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. யோசித்து யோசித்துக் கடைசியில் ஈப்போவில் புஷ்பலதா என்கிற அம்மாள் நடத்தும் முதியோர் இல்லத்தில் சேர்த்தேன். என்னைத் திட்டுவதென்றால் திட்டிக்கொள்.

அங்கே பெண்கள் பக்கம் மட்டும் பதினான்கு பேர். பார்த்துக்கொள்ள இரண்டு பேர். புஷ்பலதா கெட்டவள் இல்லை, ஆள் பற்றாத நாளில் அவளே துடைப்பத்தைப் பிடிக்கிறாள். ஆனால் ராத்திரிச் சாப்பாடு சாயங்காலம் ஐந்து மணிக்கே வந்துவிடுகிறது. தட்டு வைத்த இருபது நிமிஷத்தில் எடுத்தும் விடுகிறார்கள். ஊட்டிவிட வேண்டியவர்களே ஏழெட்டுப் பேர். தானாக எடுத்துச் சாப்பிடக்கூடிய உன் அம்மா சாப்பிட்டாளா, சோற்றைக் கிளறி வைத்தாளா என்று யார் பார்ப்பது?

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன். நீ உள்ளே போனதும் அக்காவிடம் நான் ஒரு பொய் சொன்னேன். ஜொகூரில் லாரி வேலையை விட்டுவிட்டுப் பெரிய கப்பலில் வேலைக்கு ஏறிவிட்டான், நடுக்கடலில் போன் பிடிக்காது, ஆறு மாதத்தில் வந்துவிடுவான் என்று சொன்னேன். அதோடு முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையே என்னைக் கூட்டிக்கொண்டு எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். கற்பூரத்துக்கு முன்னால் நின்று, "எம்புள்ள கப்பலை விட்டு எறங்கி வந்து இந்த வாசல்ல நிக்கிற வரைக்கும் கவுச்சிய வாயில வைக்க மாட்டேன் ஆத்தா" என்று வாய்விட்டுச் சொன்னாள். மீன், முட்டை, இறைச்சி எல்லாம் அதோடு நின்றது. எட்டு வருஷம் என்று தீர்ப்பு வந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் பக்கத்தில் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். ஆறு மாதம் போனால் இன்னொரு சாக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அவள் வீட்டில் இருந்தவரைக்கும் அது ஒன்றும் செய்யவில்லை. பருப்பு, மொச்சை, முருங்கைக்கீரை, தயிர் என்று தானே சமைத்துத் தெம்பாகத்தான் இருந்தாள். இல்லத்தில் சைவம் என்றால் வெள்ளைச் சோறு, அவித்த முட்டைக்கோஸ், மேலே கொஞ்சம் சோயா சாஸ். சோயாக்கட்டி தௌஃபு போடுவார்கள், அதை மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரிப்பதைப் பார்த்துவிட்டாள், அதுவும் போயிற்று. பால் குடித்தால் வயிறு போகிறது. க்ளினிக்கில் சொன்ன சத்து மாவை வாங்கிக் கொடுத்தேன், டின்னில் ஒரு மூலையில் மீன் எண்ணெய்க்காக மீன் படம் போட்டிருக்கிறான் பாவி. டின்னைத் திருப்பி என் மடியில் வைத்துவிட்டாள்.

சேர்க்கும்போது ஐம்பத்தொரு கிலோ இருந்தாள். இப்போது நாற்பத்து நாலு. ஈறு சுருங்கிப் பல்செட் ஆடுகிறது, அதைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுச் சோற்றை நாக்கால் நசுக்குகிறாள். க்ளினிக் டாக்டர் தினேஸ்வரி நம்ம பிள்ளைதான், என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "அங்கிள், வயசானவங்க இப்படி எளைச்சா கொழுப்பு கரையல, சதை கரையுது. இப்படியே போனா அந்த இடுப்பு எலும்பு சேராது, ஒரு சளி புடிச்சாகூட எந்திரிக்க மாட்டாங்க. முட்டை, மீன் ஏதாச்சும் குடுத்தே ஆகணும் லா" என்றாள்.

போன வாரம் சீனப் பெருநாளுக்கு யாரோ பெட்டி பெட்டியாக ஆரஞ்சு கொண்டுவந்து கொடுத்தார்களாம், அதில் நாலு தின்றாள். ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. செவ்வாய், வெள்ளியில் அங்கே மீன் பொரிப்பார்கள். அன்றைக்கெல்லாம் உன் அம்மா நடைக்கம்பியைத் தள்ளிக்கொண்டு போய் அடுப்படிக் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறாள். வாசனை பிடிக்கத்தான். நெத்திலி இல்லாமல் சோறு தின்னாத பொம்பளை அவள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் வெளியே போய் நின்றேன்.

பூசாரியைக் கேட்டேன். மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைத்து மன்னிப்புக் கேட்டால் ஆத்தா கோபிக்க மாட்டாள் என்றார். அக்காவிடம் சொன்னேன். "நான் சொன்னது எம்புள்ளைக்கு. தண்ணி மேல இருக்கிறவன் உசுர வச்சு நான் வெளையாட மாட்டேன் தம்பி" என்றாள். தண்ணீரே இல்லாத இடத்தில் நீ இருக்கிறாய் என்று எப்படிச் சொல்வது? உண்மையைச் சொல்லிவிடட்டுமா? நீ ஒரு வார்த்தை எழுது, அதன்படி செய்கிறேன்.

மாரியம்மா உன்னைக் காப்பாற்றட்டும் என்று எழுதத்தான் கை போகிறது. எங்கள் வம்பே அவளிடம்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. இருந்தாலும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
கோபத்தோடும் அன்போடும்,
உன் மாமன் ஐயாவு


செமோர்,
9.4.2024

அன்புள்ள பவித்ரனுக்கு மாமன் எழுதுவது.

உன் கடிதம் மார்ச் இருபதாம் தேதி வந்தது. கலாவிடம் கொடுக்காமல் நானே கண்ணாடி போட்டு வாசித்தேன். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், என்னைக் கப்பலிலேயே இருக்க விடுங்கள் என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். சரி, உன் இஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். என் கடிதம் கிடைத்த நாளிலிருந்து நீயும் மீனைத் தொடுவதில்லையாம், மீனோ முட்டையோ வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் தட்டில் போட்டுவிடுகிறாயாம். அம்மா சாப்பிடாததை நான் எப்படி மாமா சாப்பிடுவேன் என்கிறாய். அட மடையா, ஒரு குடும்பத்துக்கு ஒரு பைத்தியம் போதாதா? உன்னை யார் விரதம் இருக்கச் சொன்னது? நீ அங்கே இளைத்தால் இங்கே அவளுக்குச் சதை போடுமா? அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், யார் கண்ணிலும் படக்கூடாது.

நீ சொல்லாதே என்றதால் நான் வேறு வழி தேடினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. புஷ்பலதாவிடம் பேசி, காலைக் கஞ்சியில் முட்டையின் வெள்ளைக்கருவை அடித்துக் கலக்கச் சொன்னேன். அவள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "சாமி காரியம் லா அண்ணே, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். பாவம் எல்லாம் என் தலையில் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். பன்னிரண்டு நாள் போயிற்று. எடை போட்டார்கள், அறுநூறு கிராம் ஏறியிருந்தது. அறுநூறு கிராமுக்காக ஒரு மனுஷன் பஸ் ஸ்டாண்டில் நின்று அழுவானா? நான் அழுதேன்.

பதின்மூன்றாம் நாள் கஞ்சியில் வெள்ளையாக நூல் நூலாகத் திரிந்திருக்கிறது. அக்கா கரண்டியில் எடுத்துப் பார்த்திருக்கிறாள். அங்கே வேலை செய்யும் இந்தோனேசியப் பெண் சீத்தியிடம், இது முட்டையா என்று மலாயில் கேட்டிருக்கிறாள். சீத்தி நோன்பு மாதத்தில் இருக்கிற பெண், பொய் சொல்ல வரவில்லை, தலையை ஆட்டிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

அக்கா தொண்டைக்குள் விரலை விட்டு எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாளாம். அதற்குப் பிராயச்சித்தம் என்று மூன்று நாள் வெறும் தண்ணீர். நான் போன நேரம் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "நீயாடா தம்பி?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, கப்பலில் உனக்கு ஏதாவது ஆகியிருக்குமா, விசாரித்துச் சொல் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். முட்டை தின்றது அவளுக்குப் பெரிதில்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் நீ காவல் இல்லாமல் கடலில் இருந்தாய் என்று நினைத்து நடுங்குகிறாள். நீ நன்றாக இருக்கிறாய் என்று சொன்னேன். நம்பினாளா என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து அந்த அடுப்படியில் வேகிற எதையும் தொடுவதில்லை. தானே தோல் உரித்த வாழைப்பழம், பிரிக்காத பாக்கெட்டில் இருக்கும் பிஸ்கெட், நான் அவித்துக் கொண்டுபோகும் மரவள்ளிக்கிழங்கு, பால் ஊற்றாத தேஓ டீ, அவ்வளவுதான். கிழங்கைக்கூட முகர்ந்து பார்த்த பிறகுதான் வாயில் வைக்கிறாள். முன்னால் சைவச் சோறாவது உள்ளே போய்க்கொண்டிருந்தது, அதையும் நான் நிறுத்திவிட்டேன். பாவாடை நாடாவை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டுகிறாள். ரவிக்கையை முதுகுப் பக்கம் ஊக்கு குத்திப் பிடித்திருக்கிறார்கள்.

நாளைக்கு ஹரி ராயா, நோன்புப் பெருநாள். சீத்தி ஊருக்குப் போகிறாள், இரண்டு வாரத்துக்கு அங்கே ஆள் இன்னும் குறைவு. நான் ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறிப் போய்வருகிறேன், காலில் ஒரு புண் வந்து ஆறாமல் இருப்பதால் தினமும் முடியவில்லை. மருமகனே, இனியும் இந்தக் கப்பலை என்னால் ஓட்ட முடியாது. எனக்கு அனுமதி கொடு. நீ வழக்கம்போலச் சாப்பிடு, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் நல்லதையே நினைக்கும்,
மாமன் ஐயாவு


செமோர்,
14.5.2024

பவித்ரா,

இரண்டாவது கடிதத்துக்கு உன் பதில் இன்னும் வரவில்லை. ஆபீசர் மேசையில் இருக்கிறதா, உன் கையில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. காத்திருக்க நேரம் இல்லாமல் போய்விட்டது. உன் பேச்சை மீறிவிட்டேன், மன்னித்துக்கொள். அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன வாரம் முப்பத்தெட்டு கிலோ. டாக்டர் தினேஸ்வரி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பால் மாதிரி ஒன்றை இறக்க வேண்டி வரும், அவங்க வேண்டாம்னு சொன்னா கட்டாயப்படுத்தக் கூடாது, நீங்க பேசிப் பாருங்க அங்கிள் என்றாள். குழாயில் என்ன போகிறது என்று அத்தைக்கு எங்கே தெரியப்போகிறது, சரி என்று சொல்லிவிடுங்களேன் அப்பா என்றாள் கலா. அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் மறுபடியும் ஒளித்து வைத்து ஊட்ட என்னால் முடியாது. ஒருதரம் செய்ததற்கே என்ன ஆயிற்று என்று பார்த்தேன்.

முந்தாநாள் அன்னையர் தினம் என்று ஒரு கூட்டம் கேக் கொண்டுவந்து எல்லாக் கிழவிகள் கையிலும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டது. அக்கா படத்துக்குச் சிரித்துவிட்டு, கேக்கில் முட்டை இருக்கும் என்று பக்கத்துக் கட்டில் சீனக் கிழவி மடியில் வைத்துவிட்டாளாம். புஷ்பலதா சொன்னாள். அப்போது உன் கடிதம் என் சட்டைப்பையில்தான் இருந்தது. நீ பக்கத்துத் தட்டில் போடுகிறாய், அவள் பக்கத்து மடியில் வைக்கிறாள்.

இன்று செவ்வாய்க்கிழமை, மீன் பொரிக்கும் நாள். அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில் அவளை உட்கார வைத்திருந்தார்கள், இப்போது தானாக நடக்க முடியவில்லை. நான் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அக்கா, பவித்ரன் கப்பல்ல இல்ல, ஜெயில்ல இருக்கான்" என்று ஆரம்பித்தேன். கடை வாசல் சண்டை, நீ ஓங்கிய கட்டை, அந்தப் பையன் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தது, எட்டு வருஷம், எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல் கதை முழுக்க என் வேலை, உன் மேல் தப்பில்லை என்றும் சொன்னேன். உள்ளே எண்ணெய் பொரிகிற சத்தம் அடங்கியது.

முதலில் அவள் கேட்டது, "அந்தப் புள்ளைக்கு அம்மா இருக்காளா?" என்றுதான். இருக்கிறாள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, நீ வர இன்னும் எத்தனை வருஷம் என்று கேட்டாள். ஐந்துக்கு மேல், நல்லபடியாக நடந்துகொண்டால் குறையலாம் என்றேன். விரலை மடக்கி எண்ணினாள், பிறகு கையை மடியில் போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு கேட்டாள், "அங்க அவனுக்கு என்ன சோறு போடுறாங்க?" என்று. மீன், முட்டை, கோழி எல்லாம் கொடுக்கிறார்கள், நன்றாகச் சாப்பிடுகிறான் என்றேன். நீ பார்த்தாயா என்றாள். இல்லை. போய்ப் பார்த்தாயா, ஒருதரமாவது போனாயா என்றாள். இல்லை. உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொன்ன வாயால்தான் அந்த இல்லையையும் சொன்னேன் பவித்ரா. கப்பல் என்றேன், பொய். கஞ்சி என்றேன், பொய். இனிமேல் நான் சூரியன் கிழக்கே உதிக்கிறது என்றாலும் அவள் எழுந்து பார்த்துத்தான் நம்புவாள். நீ உள்ளபடி என்ன சாப்பிடுகிறாய் என்பது நீயே எழுதி என் நெஞ்சுக்கு மேலே மடித்து இருக்கிறது. அதை எடுத்துக் காட்ட முடியுமா?

கடைசியில் அவளே சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவனையே எழுதச் சொல்லு தம்பி. என்ன திங்கிறான்னு அவன் கையால எழுதட்டும். அவன் மீன் திங்கிறேன்னு எழுதுனா நானும் திங்கிறேன். ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்." அதுவரைக்கும் பழமும் தேஓவும் போதும், குழாய் வேண்டாம் என்றாள். டாக்டரிடம் போனில் சொன்னேன். எத்தனை நாள் தாங்குவார்கள் என்று கேட்டேன். அவள் நாள் கணக்குச் சொல்லவில்லை, லெட்டர் சீக்கிரம் வந்தால் நல்லது அங்கிள் என்றாள்.

ஆகையால் பவித்ரா, நீ செய்ய வேண்டியது இதுதான். முதலில் சாப்பிடு. சாப்பிட்ட பிறகு எழுது. சாப்பிடாமல் சாப்பிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதே. உன் அம்மா உன் எழுத்தை முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவாள். என் இரண்டு பொய்க்கே பதின்மூன்று கிலோ போய்விட்டது, மூன்றாவதைத் தாங்க அவள் உடம்பில் ஒன்றும் இல்லை. என் வழியாக அனுப்ப வேண்டாம், இல்லத்து விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அவள் பெயருக்கே போடு. போனில் பேச விடுவார்களா என்றும் கேட்டுப் பார். பெரிய பெரிய எழுத்தாக எழுது. எஸ்டேட் ஸ்கூலில் நாலாவது வரைக்கும் படித்தவள், கூட்டிக் கூட்டி வாசித்துவிடுவாள். பார்க்க வருகிறவர்கள் பட்டியலில் என் பெயரையும் கொடு. கால் புண் ஆறினாலும் ஆறாவிட்டாலும் வருகிறேன். நான் சொன்ன அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

இதைப் படிக்கிற ஆபீசர் ஐயா, முதல் கடிதத்திலேயே உங்களுக்கு வணக்கம் சொன்னவன் நான். இந்த ஒன்றை மட்டும் மேசையில் போட்டு வைக்காதீர்கள். உங்களுக்கும் ஒரு அம்மா இருப்பார்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

உனக்கு அங்கே மீன் எந்தக் கிழமை என்று எனக்குத் தெரியாது. அடுத்த தடவை தட்டில் விழும்போது பக்கத்தில் இருப்பவனுக்குத் தள்ளிவிடாதே. நீ நல்லாயிருக்க வேண்டும், உன் அம்மா அதைப் பார்க்க இருக்க வேண்டும். சின்ன வயதில் அவசரப்பட்டு விழுங்கித் தொண்டையில் முள் மாட்டிக்கொள்வாய், உன் அம்மா சோற்றை உருண்டை பிடித்து உன் வாயில் திணித்து இறக்கிவிடுவாள். இப்போது பக்கத்தில் அவள் இல்லை. முள் பார்த்துச் சாப்பிடுடா.

இப்படிக்கு,
உன் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கும்,
மாமன் ஐயாவு